துளசிக்கு ஒரு முதலெழுத்து

மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் பக்கத்துத் தோட்டத்தில் முப்பத்திரண்டு வருடம் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர் கார்த்திகேசு. விண்ணப்பப் பாரத்தில் ஒரு கட்டம் காலியாகக் கிடந்தால் அவருக்குப் பொறுக்காது. சாப்பாட்டில் ஈ உட்கார்ந்தது போலக் கை துறுதுறுக்கும். அந்தக் கைதான் இந்த வயதில் அவரை வம்பில் மாட்டிவிட்டது.

போன வருடம் கோயில் குழுவோடு இலங்கை போயிருந்தார். வவுனியாவுக்கு அருகே பேருந்து பழுதாகி நின்றது. பக்கத்தில் இருந்த சிறுவர் இல்லத்தில் தண்ணீர் கேட்கப் போனால், உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துத் தேநீரே கொடுத்தார்கள். தாய் தகப்பன் இல்லாத பதினோரு பிள்ளைகள். அவர்களில் துளசி என்ற ஒன்பது வயதுக்காரி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உங்கள் வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தாள். ஒன்றும் இல்லையம்மா என்றார். "பரவாயில்லை ஐயா, எனக்கும் ஒருத்தரும் இல்லை," என்று சொல்லிவிட்டு பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். கல்யாணமாகி முப்பது வருடத்தில் எத்தனையோ பேர் அவருக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். எல்லாமே எரிச்சல்தான் மூட்டின. இது மட்டும் மூட்டவில்லை.

ஊர் திரும்பிய மறுநாளே, அந்த இல்லத்துக்கு உதவ ஒரு சங்கம் தொடங்குவது என்று ஆள் பிடிக்கக் கிளம்பிவிட்டார். பதிவு செய்ய ஏழு பேர் வேண்டும். மனைவி புனிதவதி முதல் ஆள். அவளுக்கு வேறு வழியில்லை. ரவாங்கில் அலுவலக வேலை பார்க்கும் தங்கை மகள் மாதவி, செம்பனைப் பழ லோரி ஓட்டும் சேது என்று கெஞ்சியும் மிரட்டியும் மற்றவர்களைச் சேர்த்தார். இங்கே இல்லாத ஏழைப் பிள்ளைகளா என்று மடக்கியவர்களிடம், நீங்கள் அதைத் தொடங்குங்கள், நான் முதல் ஆளாகச் சேருகிறேன் என்றார். மடக்கிய வாய்கள் அதோடு மூடிக்கொண்டன. எட்டு மாதம் அலைந்து பதிவு கையில் கிடைத்த அன்று, புதுமாப்பிள்ளை போல வேட்டி கட்டிக்கொண்டு கடைத்தெருவை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார்.

முதல் வேலையாக, பதினோரு பேருக்கும் பள்ளிக்கூடப் பை. ஒவ்வொரு பையிலும் பெயர் அட்டை. இல்லத்தை நடத்தும் விஜயராணி பெயர்ப் பட்டியல் அனுப்பியிருந்தாள். வெறும் பெயர்கள் மட்டும்தான். மலேசியக் கிராணிக்கு அது ஒப்புமா? இங்கே அடையாள அட்டை என்றால் பெயர், அடுத்து த/பெ, அதற்கடுத்துத் தந்தை பெயர். அப்படி எழுதினால்தான் அது ஒரு முழுப் பெயர். விஜயராணியைக் கூப்பிட்டுக் கேட்டார். அவளும் பொறுமையாகப் பதிவேட்டைப் புரட்டி, பத்துப் பேருக்குத் தகப்பன் பெயர் சொன்னாள். துளசிக்கு மட்டும் இல்லை. கைக்குழந்தையாக வந்தவள், கூடவே காகிதம் எதுவும் வரவில்லை என்றாள்.

அவர் நோட்டில் துளசிக்கு எதிரே அந்தக் கட்டம் நான்கு நாள் காலியாகவே கிடந்தது. ஐந்தாம் நாள், புனிதவதி சந்தைக்குப் போயிருந்த நேரம், எழுதினால் எப்படி இருக்கும் என்று தம் பெயரை அதில் எழுதிப் பார்த்தார். துளசி த/பெ கார்த்திகேசு. நன்றாகத்தான் இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அப்போதும் நன்றாக இருந்தது. பிறகு அடித்துவிடலாம் என்று நோட்டை மூடி வைத்தார், மறந்தும் போனார். மாதவி வந்தாள், நோட்டை எடுத்துப் போனாள், அட்டைகளை அச்சடித்துப் பைகளில் தைத்து அனுப்பியும் விட்டாள். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? கிராணி எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று தோட்டமே நம்பிய காலம் உண்டு.

மூன்று வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மதியம், கார்த்திகேசுவின் வீட்டுக் கூடத்தில் சங்கக் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது விஜயராணி காணொளியில் கூப்பிட்டாள். பைகளுக்கு நன்றி சொல்லத்தான் என்று நினைத்து, எல்லாருக்கும் தெரியும்படி மாதவி கைப்பேசியைச் சாய்த்து வைத்தாள்.

"ஐயா, நீங்கள் இப்பிடிச் செய்திருக்கக் கூடாது," என்றாள் விஜயராணி. "பிள்ளை அந்த அட்டையைப் பள்ளிக்கூடம் முழுக்கக் காட்டிட்டு வந்திருக்கிறாள். அப்பா எப்ப வருவார் எண்டு எல்லாரும் கேக்கினம். நாளைக்கு உங்கட சங்கம் நிண்டு போனால், அவளுக்கு நான் என்ன சொல்லுறது?"

விஜயராணி மேற்கொண்டு சொன்னதில் சுற்றி வளைப்பு எதுவும் இல்லை. இது தவறு என்று அவரே தம் வாயால் துளசியிடம் சொல்ல வேண்டும். இல்லையென்றால் பதினோரு பைகளும் திரும்பி வரும், இந்தச் சங்கத்தோடு இனிப் பேச்சே கிடையாது. அவள் பக்கம்தான் நியாயம் என்று கார்த்திகேசுவுக்குத் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த புனிதவதியை ஏறிட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை. விஷயமே அவளுக்கு இப்போதுதான் தெரியும்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல," என்றாள் அவள், மெல்ல.

துளசியைக் கூட்டி வந்தார்கள். இரட்டைப் பின்னல், நெற்றியில் திருநீறு. எட்டு மாத அலைச்சலைவிட அடுத்த ஒரு நிமிடம் அவருக்குப் பெரும்பாடாக இருந்தது.

"அம்மாடி, அந்த அட்டையில இருக்கிறது என்னோட தப்பு. நான் உன் அப்பா இல்ல. ஆசையில எழுதிட்டேன்."

"தெரியும் ஐயா. அன்ரி சொன்னவா," என்று விஜயராணியைக் காட்டினாள் துளசி. அழவில்லை. ஆனால் போகவும் இல்லை. பின்னலைத் திருகிக்கொண்டே கேட்டாள். "வகுப்பில எல்லாருக்கும் பேருக்கு முன்னால ஒரு எழுத்து இருக்கு. எனக்கு மட்டும் இல்லை. நான் 'கா. துளசி' எண்டு எழுதினனான். அதையும் அழிக்க வேணுமோ?"

கார்த்திகேசு மனைவியைத் திரும்பிப் பார்த்தார். புனிதவதி எழுந்துபோய்க் கைப்பேசியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"அழிக்க வேணாம் கண்ணு," என்றாள். "விஜயராணியம்மா, அட்டையக் கழட்டிடுங்க, அது பொய்தான். எழுத்து மட்டும் இருக்கட்டும். வாராவாரம் ஞாயித்துக்கிழம நாங்க ரெண்டு பேரும் கூப்பிடுவோம். இவரு மறந்தாலும் நான் இருக்கேன்லா."

இப்படி வாக்குக் கொடுத்துவிட்டுக் காணாமல் போனவர்களை விஜயராணி நிறையப் பார்த்தவள். புனிதவதியின் முகத்தைத் திரையில் நன்றாகப் பார்த்தாள். பிறகு, ஒரு ஞாயிறு தவறினாலும் கேட்பேன், அது உங்கள் பொறுப்பு என்று சொல்லி, சரி என்று தலையசைத்தாள். கார்த்திகேசுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார், சங்கமே பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற கூச்சம்கூட இல்லாமல்.

துளசி பெரிதாக மூச்சு விட்டாள்.

"நல்ல வேளை," என்றாள். "நான் பள்ளிக்கூடத்து ஆறு கொப்பியிலயும் பேனையால எழுதிட்டன். அழிச்சிருந்தால் எல்லாம் கிழிஞ்சிருக்கும்."