மாப்பிள்ளை சரிசெய்த கணினி

தம்போயில் எங்கள் வீட்டில் ரூபேந்திரன் அத்தானுக்கு அது தலைதீபாவளி. கல்யாணப் பந்தியில் தன் பெரியப்பாவைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு மாதக்கணக்கில் எங்கள் வாசற்படி மிதிக்காதவர். அக்கா செல்வராணியையும் அனுப்பவில்லை. அப்பா இல்லாத வீடு. அம்மா போன் போட்டுக் கெஞ்சித்தான் வரவழைத்தார். அவர் தும்மினால்கூட நாங்கள் எழுந்து நிற்க வேண்டியிருந்தது.

தீபாவளிக்கு முதல் நாள் வந்தார். அன்று சாயங்காலமே அவர் கண் என் கணினிமேல் விழுந்தது. படம் அச்சடித்த கடையிலிருந்து பென்டிரைவ் வழியாக ஏதோ வைரஸ் ஏறி, திரையில் விளம்பரமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அத்தானுக்கு சிங்கப்பூரில் அலுவலக வேலை. நாளெல்லாம் கணினி முன்னால் உட்காருகிறார் என்பதால் அம்மாவின் கணக்கில் அவர் கணினி வைத்தியர்.

"கடைக்கெல்லாம் எதுக்கு? நான் பாக்குறேன் லா."

முதலில் பென்டிரைவைத் துடைத்தார். பிறகு எதையோ இறக்கி ஓடவிட்டு, சிவப்பாகத் தெரிந்ததையெல்லாம் அழித்தார். அணைத்துவிட்டு மறுபடி போட்டார். கணினி எழுந்திருக்கவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரே ஒரு வரி. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

பகலெல்லாம் தொழிற்சாலையில் நிற்கிறேன். வீட்டுக்கு வந்தால் வரைகிறேன். ஒரு கிழட்டு நாய் பஸ் ஏறி ஊர் சுற்றும் சின்ன அனிமேஷன் படம். வருடக்கணக்கான உழைப்பு. அதில் ஒரு துண்டைப் பார்த்த நிறுவனம் ஒன்று, வரைந்த கோப்புகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வா, வேலை பற்றிப் பேசலாம் என்று தீபாவளிக்கு மறுநாள் அழைத்திருந்தது. எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. இன்னொரு பிரதி அவர் துடைத்த பென்டிரைவில் இருந்தது.

ஸ்கூடாயில் கணினிக் கடை வைத்திருக்கும் ஆ ஹோங்குக்குப் போன் போட்டேன். வைரஸோடு சேர்ந்து கணினியைத் தொடக்கிவைக்கும் கோப்பும் போயிருக்கும், உன் படங்கள் உள்ளே பத்திரமாக இருக்கும் என்று மலாயில் சொன்னார். நாளைக்குக் கடை உண்டு, கொண்டு வா என்றார். "ஃபார்மெட் மட்டும் ஜாங்கான்!" செய்துவிடாதே என்று இரண்டு தடவை கத்தினார்.

நான் அதைக் கூடத்தில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். ஃபார்மெட் செய்தால் என் படம் மொத்தமும் அழிந்துவிடும் என்பதையும் சேர்த்தே சொன்னேன். அத்தானின் முகம் சுருங்கியது. அம்மா என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"மாப்பிள்ளை கை வச்சதக் கடைக்குத் தூக்கிட்டுப் போனா அவருக்கு என்னடி மரியாதை?"

"மா, அது என் வேலை மா. நாளைக்குக் காலையிலயே கொண்டு போயிருவேன்."

அம்மா முறுக்கு மாவைப் பிசையத் திரும்பிவிட்டார்.

விடிந்ததும் என் தலையில் நல்லெண்ணெயை வழிய வழியத் தேய்த்துவிட்டார். நன்றாக ஊறட்டும், நிதானமாகக் குளி என்று சீயக்காயைக் கையில் கொடுத்து அனுப்பினார். நல்ல நாளில் அம்மாவோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்று நானும் போனேன்.

குளித்துவிட்டு வந்தபோது கணினி ஓடிக்கொண்டிருந்தது. வெறும் நீலத் திரை. என் கோப்பு ஒன்றுகூட அதில் இல்லை.

"பாத்தியா சாந்தினி, புதுசு மாதிரி ஓடுது," என்றார் அத்தான், முறுக்கைக் கடித்தபடி.

"என் படம் எங்க அத்தான்?"

மெல்லுவதை நிறுத்தினார். "அழிஞ்சிடும்னு தெரியும்மா. அதான் அமுக்குறதுக்கு முன்னாடி அத்தைகிட்ட கேட்டேனே. உன்கிட்ட சொல்லலையா?"

அம்மா அவர் தட்டில் இட்லி வைத்துக்கொண்டிருந்தார். "நாய்ப்படம்தானே, நீங்க அமுக்குங்க மாப்பிள்ளைன்னு நான்தான் சொன்னேன். அவ திரும்ப வரைஞ்சுக்குவா."

எனக்கு அத்தான்மேல் இருந்த கோபம் அந்த நொடியே போய்விட்டது. அந்த மனுஷன் கேட்டாவது இருக்கிறார். அவருக்குப் பின்னால் நின்ற அக்கா, எதுவும் பேசிவிடாதே என்று கண்ணாலேயே என்னிடம் கெஞ்சினாள். இவர் முகம் கோணி எழுந்தால் அவள் மறுபடி எப்போது இந்த வீட்டுக்கு வருவாளோ தெரியாது. அவளை வரவழைக்க அம்மா என்னைக் கொடுத்திருக்கிறார் என்பது புரிந்தது. புரிந்ததால் வெறுப்பு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

"அத்தானுக்கு தேங்க்ஸ் சொல்லு," என்றார் அம்மா.

"தேங்க்ஸ் அத்தான்."

"சத்தமா சொல்லுடி."