லாசரு கிடந்த நாலு நாள்

பீமாராவ் ஆயருக்குக் கண்ணை மூடினால் எதுவும் தெரியாமல் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது.

அதற்கு முன்னால் அவர் அப்படியில்லை. சோழவந்தான் பக்கத்துச் சபைகள் நாலிலும் அவர் பிரசங்கத்துக்கென்றே ஆள் வரும். வேதத்தில் ஒரு வரியில் முடிந்துபோவதை அவர் கால் மணி நேரம் நடக்கவிடுவார். குருடன் கண்ணில் இயேசு சேறு பூசினார் என்றால், அந்தச் சேறு காய்ந்து இமையை இழுத்ததையும், குளத்துக்குப் போகிற வழியில் அவன் யார் யார் மேல் மோதினான் என்பதையும் சொல்வார். வேதத்தில் இல்லாததைச் சேர்க்கிறாரே என்று மேலிடம் வரை புகார் போனதுண்டு. "சேக்கலைங்க. அங்கன போயி நின்னு பாத்தேன், பாத்ததைச் சொல்றேன்" என்பார்.

தனியாக ஜெபிக்கும்போதும் அதேதான். வார்த்தை அதிகம் இருக்காது. கண்ணை மூடி ஏதாவது ஒரு சம்பவத்துக்குள் போய்க் கூட்டத்தோடு நின்றுகொள்வார். சில நாள் இயேசு திரும்பிப் பார்ப்பார். பல நாள் முதுகுதான் தெரியும். அவருக்கு அந்த முதுகே போதுமாக இருந்தது.

பங்குனியில் மனைவி முத்துமீனா காய்ச்சலில் படுத்தாள். ஐந்தாம் நாள் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். ஆறாம் நாள் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அடக்கம் முடிந்து மூன்றாவது ஞாயிறு பிரசங்கம் செய்தாக வேண்டும்; கடலில் புயல் அடங்கிய பகுதி. முந்தின நாள் சாயந்திரம் வழக்கம்போலக் கண்ணை மூடி உட்கார்ந்தார். படகு வரவில்லை. தண்ணீர் வரவில்லை. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஒன்று எதிரே நின்றது. அழுகை வருமோ என்று காத்திருந்தார். அதுவும் வரவில்லை. விளக்கவுரைப் புத்தகத்திலிருந்து மூன்று குறிப்புகளை எழுதிக்கொண்டு போய் வாசித்தார்.

சபைச் செயலர் மலையாண்டிக்கு அது பிடித்திருந்தது. "இப்பத்தாங்கய்யா ஆராதனை நேரத்துக்கு முடியுது" என்றார். ஆயருக்கு வருத்தமாகக்கூட இல்லை. "சரிங்க" என்றார். ஞானஸ்நானம் கொடுத்தார், கல்யாணம் நடத்தினார், தட்டில் விழுந்ததைச் சாப்பிட்டார். தன்னைத் தூரத்திலிருந்து யாரோ இயக்குவதுபோல எல்லாம் நடந்தது.

ஐப்பசியில் ஜெயக்கொடி போன் செய்தாள். அவள் புருஷன் பாண்டிராஜ் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை பார்த்தவன். ஆயருடைய பிரசங்கம் கேட்டுத்தான் பத்து வருஷத்துக்கு முன்னால் சபையில் சேர்ந்தான். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. டயாலிசிஸுக்கு இனிமேல் வரமாட்டேன் என்று வீட்டில் படுத்துவிட்டான்.

"உங்களைப் பாக்கணும்ங்கிறாரு. மத்தியானமா வாங்கய்யா. அப்பத்தான் கொஞ்சம் தெளிவா இருக்காரு."

போனார். மழை பெய்து ஓய்ந்திருந்தது. கட்டிலில் பாண்டிராஜ் முகம் வீங்கிக் கிடந்தான். ஆயர் சங்கீதம் ஒன்றை வாசித்து, சுருக்கமாக ஜெபித்தார். எழுந்திருக்கப் போனபோது அவன் கையைப் பிடித்தான்.

"ஐயா, இயேசு கூப்புட்டு எழுப்புறதுக்கு முன்னால லாசரு நாலு நாள் கல்லறைக்குள்ள செத்துக் கெடந்தான்ல. எப்படி இருந்திருக்கும் அவனுக்கு?"

"வேதத்துல அதைப் பத்திச் சொல்லலை, பாண்டி."

"சொல்லாததைத்தானய்யா நீங்க சொல்லுவீங்க."

ஆயர் மறுபடி உட்கார்ந்தார். ஜெயக்கொடி வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். அவர் கண்ணை மூடிப் பார்த்தார். அதே சுவர். பொய்யாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விடலாம்தான். பழைய பிரசங்கங்களிலிருந்து எடுத்தால் ஒளி, வாசனை, பாட்டுச் சத்தம் எல்லாம் கிடைக்கும். வாய் வரவில்லை.

"எனக்கு இப்ப எதுவும் தெரியறதில்லை, பாண்டி. அவ போனதுலருந்து தெரியலை" என்றார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

பாண்டிராஜ் கையை விடவில்லை. "எதுவுமேவா?"

"எதுவுமே."

"அப்ப எப்படி இருக்கு?"

ஆயர் யோசித்தார். "துணி சுத்துன மாதிரி இருக்கு. வெளிய ஆளுங்க பேசுறது கேக்கும். அழுகுறதும் கேக்கும். எனக்காகத்தான் அழுகுறாங்கன்னு தோணாது. பசிக்காது. நாள் போறது தெரியாது. எந்திரிக்கணும்னும் இருக்காது."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். தான் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்குப் பட்டது. வேதத்தைத் திறந்துவைத்துக்கொண்டு அவர் எப்போதும் கூட்டத்தில்தான் நின்றிருக்கிறார், கல்லறைக்கு வெளியே. உள்ளே போய்ப் படுத்துப் பார்த்ததில்லை.

"வலிக்குமா?" என்றான் பாண்டிராஜ்.

"வலி இல்லை."

"பயம்?"

"அதுவும் இல்லைப்பா. இருந்தாத் தேவலைன்னு இருக்கும்."

அவன் கூரையைப் பார்த்தபடி சொன்னான். "வலி இல்லேல்ல. எனக்கு அது போதும்யா. இங்க எம்புட்டு வலி." பிறகு கேட்டான்: "வெளிய நின்னு கூப்புட்டா, உள்ள கேக்குமா?"

"எனக்குத் தெரியலை. இன்னும் கேக்கலை."

"அவனுக்குக் கேட்டுச்சே" என்று சொல்லிவிட்டுப் பாண்டிராஜ் கண்ணை மூடினான். தூங்கிப்போனான்.

ஜெயக்கொடி தெரு வரைக்கும் வந்தாள். "இம்புட்டுப் பேசி ஒரு மாசம் ஆச்சுங்கய்யா" என்றாள். ஆயர் செருப்பை மாட்டிக்கொண்டார். "வாரேம்மா" என்றார்.

ஒன்பதாம் நாள் பாண்டிராஜ் இறந்தான். கோயிலில் இடம் போதாமல் ஆட்கள் வெளியே குடையோடு நின்றார்கள். ஆயர் லாசருவின் பகுதியை வாசித்துவிட்டுக் குறிப்புத் தாளைப் பிரித்தார். முதல் குறிப்பை முடிக்குமுன் ஒன்று தெரிந்தது. முகம் இல்லை, இயேசு இல்லை, கூட்டம் இல்லை. இரண்டு பாதங்கள். கணுக்காலோடு சேர்த்துத் துணியால் இறுகக் கட்டிய பாதங்கள், கல் தரையில் ஒரு சாண் நகர்ந்து நின்றன. மறுபடி ஒரு சாண்.

அவர் தாளை மடித்தார்.

"கை கால் கட்டியிருக்கும்போதே அவன் நடந்து வந்திருக்கான்" என்றார். "உயிர் வந்த பெறகும் கட்டு அப்படியேதான் இருந்துச்சு. மூஞ்சியிலயும் துணி. எங்கிட்டுப் போறோம்னு தெரியாமத்தான் வந்திருக்கான். இழுத்து இழுத்து வந்திருப்பான்."

சபை அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தது. அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியாததை அவர் சொல்லவில்லை. ஜெபம் செய்து முடித்தார். மலையாண்டி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலு நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை.

அடக்கம் முடிந்து பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆயர் கண்ணை மூடிப் பார்த்தார். பாதங்கள் இருந்தன. நகரவில்லை. கட்டை அவிழ்க்க யாரும் வரவும் இல்லை. ஆயர் அந்தப் பாதங்களுக்குப் பக்கத்திலேயே நின்றார். சோழவந்தான் வந்ததும் கண்டக்டர் தோளைத் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.