வியாழக்கிழமைப் பூந்தொட்டி

வீட்டுக்காரர் குனிந்தார். கிருஷ்ணவேணியின் வலது கையைப் பூப்போலத் தூக்கினார். புறங்கையில் முத்தமிட்டார்.

மாடிக்குக் குடிவந்த முதல் நாளே, புருஷன் அழகேசனின் கண்ணெதிரே இது நடந்தது. அன்றைக்கு வயிற்றில் பற்றிய தீ ஆறு மாதமாகியும் அணையவில்லை.

"போலந்துல அதுதாங்க வணக்கம்" என்றாள் வேணி.

"நம்ம ஊரு வணக்கத்தைக் கத்துக் குடு. அதுல அவர் கை ரெண்டும் அவர்கிட்டயே இருக்கும்."

வீட்டுக்காரர் காசிமிருக்கு அறுபத்துமூன்று வயது. வெள்ளைத் தலை, வளையாத முதுகு, இடது கையில் மூன்றே விரல். யுத்த காலத்தில் வார்சாவில், ஜெர்மன்காரர்களை எதிர்த்த ரகசியப் படையில் இருந்தவர். பெயர் மாற்றி மாற்றித் திரிந்து, காகிதத்தில் மட்டும் மூன்று முறை செத்தவர் என்று அந்தத் தெருவே பேசும். அழகேசனோ கடல் தாண்டி வந்து ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் படம் வரைகிறவன். ஆயுளில் அவன் செய்த வீரச்செயல், திருச்சியில் ஓடும் பஸ்ஸில் தொற்றி ஏறியது. அதைச் சொன்னபோது வேணி பாதியிலேயே கொட்டாவி விட்டாள்.

ஜூலையில்தான் அந்தப் பூந்தொட்டி கண்ணில் பட்டது. மாடி ஜன்னலில் ஆறு நாளும் இடது ஓரம். வியாழக்கிழமை மட்டும் வலது ஓரம்.

"வெயில் படட்டும்னு நகர்த்தினேன்" என்றாள்.

சூரியன் வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமா இடம் மாறும்? அழகேசன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

1974, ஆகஸ்ட் ஒன்று. வியாழன். அரை நாள் லீவு போட்டுவிட்டு, வீட்டுக்கு எதிர்சாரி பேக்கரிக்குள் ஒதுங்கினான். ஒப்புக்கு ஒரு ரொட்டி வாங்கினான். கடைக்காரன் லுட்விக்கும் போலந்துக்காரன்தான். ரொட்டியைச் சுற்றிக்கொண்டே இங்கிலீஷில் கிசுகிசுத்தான்:

"உன் மனைவி காசிமிருக்கு என்னவோ எழுதித் தருகிறாளாமே? எங்களிடம் யுத்தத்தைப் பற்றி வாயே திறக்க மாட்டார். யார் யார் பெயரெல்லாம் சொல்கிறார்?"

எழுதுகிறாளா! மளிகை லிஸ்டைத் தவிர புருஷனுக்காக ஒரு வரி எழுதாதவளா!

ஐந்துக்குப் பத்து நிமிஷம். ஜன்னலில் வளையல் கை நீண்டது. தொட்டி வலப்பக்கம் நகர்ந்தது. தெருமுனையில் நின்ற காசிமிர் அண்ணாந்து பார்த்தார். விறுவிறுவென்று வீட்டுக்குள் போனார்.

பணம் கொடுத்த ரொட்டியை மேஜையிலேயே விட்டுவிட்டு அழகேசன் சாலையைத் தாண்டினான். கீழ்வீட்டுச் சமையலறைக் கதவில் காதை வைத்தான்.

சத்தமே இல்லை. பேச்சுக் கேட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பான். இந்த மௌனம் உயிரை அறுத்தது. கதவைத் தள்ளித் திறந்தான்.

மேஜைக்கு அந்தப் பக்கம் காசிமிர். இந்தப் பக்கம் வேணி. நடுவில் ஒரு மெழுகுவத்தி. இருவரும் பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் நிற்பவர்கள்போல விறைப்பாக, கண்களை மூடி நின்றார்கள். சுவர்க்கடிகாரத்தில் மணி ஐந்து.

கடிகாரத்தின் விநாடி முள் ஒரு சுற்று முடிக்கும்வரை யாரும் அசையவில்லை. பிறகுதான் காசிமிர் கண் திறந்தார்.

"முப்பது வருஷத்துக்கு முன்னால் இதே நாள், இதே நேரம் வார்சாவில் ஜெர்மன்காரர்களை எதிர்த்து எழுந்தோம்" என்றார். "எழுந்தவர்களில் பாதிப் பேர் இன்றில்லை."

மேஜைமேல் ஒரு நோட்டு. அழகேசன் பறித்துப் புரட்டினான். வேணியின் குண்டு குண்டான தமிழ் எழுத்து. சாக்கடைக்குள் நடந்த இரவுகள், ஒளித்து வைத்த வீடுகள், பதினோரு பெயர்கள்.

"அந்தப் பதினோரு பேரும் இன்னும் வார்சாவுல உயிரோட இருக்காங்க" என்றாள் வேணி. "பேர் வெளிய வந்தா, அந்தப் படையைப் பிடிக்காத இப்ப இருக்கிற கம்யூனிஸ்ட் சர்க்கார் அவங்களைச் சும்மா விடாது. போலிஷ்ல எழுதினா இந்தத் தெருவே படிச்சிடும். அதான் அவர் சொல்லச் சொல்லத் தமிழ்ல எழுதறேன். தொட்டி வலப்பக்கம் இருந்தா வீட்டுல வெளியாள் யாரும் இல்லைன்னு அடையாளம். அதைப் பாக்காம உள்ள வர மாட்டார். அந்தக் காலத்துப் பழக்கம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"நான் மாசமாயிருந்தேனே, முதல்ல உங்ககிட்டதான் சொன்னேன். சாயங்காலத்துக்குள்ள பஸ் டிரைவர் வாழ்த்து சொன்னாரு!"

சந்தேகம் செத்தது. பொறாமை சாகவில்லை, இன்னும் கொழுத்தது. ஆறு மாதம், இன்னொரு மனுஷனுக்காக ஒரு ரகசியத்தைக் கட்டிக் காத்திருக்கிறாள்!

"ரொட்டியை மறந்துவிட்டாயே!"

திறந்த வாசலில் லுட்விக். ஒரு கையில் பொட்டலம். கண் மட்டும் நோட்டின்மேல்.

"அது என்ன நோட்டு?"

காசிமிரின் மூன்று விரல்களும் மேஜை விளிம்பை இறுகப் பிடித்தன. வேணி புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நம்பிக்கை இல்லை; பயம்தான் இருந்தது. அதுதான் அவனைச் சுட்டது.

உண்மையைச் சொன்னால் தன் மானம் மிஞ்சும். பதினோரு பேர் மிஞ்ச மாட்டார்கள்.

"காதல் கடிதம்!" என்று இங்கிலீஷில் கத்தினான் அழகேசன். "என் பெண்டாட்டி இந்த ஆளுக்கு எழுதியது! பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள்! போதுமா? போய் ஊருக்கெல்லாம் சொல்!"

நடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஆறு மாதத்துத் தீ தானாக வாய்வழியே வந்தது. லுட்விக் ரொட்டியை வாசலிலேயே வைத்துவிட்டு ஓடினான். இனி ஒரு வருஷத்துக்குப் பேக்கரியில் வேறு பேச்சிருக்காது.

வேணி கதவைச் சாத்தினாள். காசிமிர் மேஜை விளிம்பிலிருந்து கையை எடுத்தார்.

"லுட்விக் நல்லவனாகவே இருக்கலாம். 'இருக்கலாம்' என்பதை நம்பி நான் யாரையும் காட்டிக்கொடுத்ததில்லை" என்றார். அழகேசனுக்கு நேரே விறைத்து நின்று, தலையில் இரண்டு விரல் வைத்து சல்யூட் அடித்தார். "இவ்வளவு அழகான பொய்யை யுத்தத்தில்கூட நான் கேட்டதில்லை."

பொய்யா? பாதிதான்.

"இந்த நோட்டை எப்பத்தான் வெளியிடுவார்?" என்று வேணியிடம் கேட்டான்.

"அந்தப் பதினோரு பேரும் காலமான பிறகுதானாம். அதுவரைக்கும் தான் சாகப் போறதில்லைன்னு சொல்லிட்டார். கடைசி ஆளுக்கு இப்ப நாப்பத்தாறு வயசு."

அழகேசன் மனசுக்குள் கூட்டிப் பார்த்தான்.

"அப்ப இன்னும் முப்பது வருஷம், வியாழக்கிழமைதோறுமா?"

காசிமிர் விடைகொடுக்க முன்னால் வந்தார். குனிந்தார். வேணியின் கையைப் பூப்போலத் தூக்கினார்.

அழகேசன் கூரையைப் பார்த்துக்கொண்டான்.

பிறகு மாடிக்குப் போனான். ஜன்னலோரம் நின்று ஒருமுறை தெருவைப் பார்த்தான். பூந்தொட்டியை எடுத்து, பத்திரமாக, அடுத்த வியாழன்வரைக்கும், இடது ஓரத்தில் வைத்தான்.