நாற்பது கிராம் தாகம்

முத்துநங்கை கப்பலில் ஏறுகிறவர்களின் தாகத்தைத்தான் முதலில் நிறுத்துப் பார்ப்பார்கள். பெட்டியை நிறுப்பது அதற்கு அப்புறம். சென்னைத் துறைமுகத்தில் படியேறியதும் இடதுபக்கம் ஒரு மேசை. அதன்மேல் நகைக்கடைத் தராசைவிடப் பெரிய, அரிசிக்கடைத் தராசைவிடச் சிறிய ஒரு தராசு. தட்டின்மேல் குனிந்து ஒரு மூச்சு விட்டால் போதும், முள் நகர்ந்து நிற்கும். முந்நூறு கிராமுக்கு மேல் இருந்தால் மணிக்கட்டில் ஆரஞ்சுப் பட்டை கட்டுவார்கள். பட்டை கட்டியவர்கள் ஐந்து நாளும் எதை வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம். அதற்கு அளவில்லாத் திட்டம் என்று பெயர்.

செண்பகவடிவு மூச்சு விட்டாள். முள் அசையவில்லை. தாக அலுவலர் ஹெலன் பர்னாந்து தராசை விரலால் ஒருமுறை தட்டிவிட்டு, "இன்னொரு தடவை விடுங்கம்மா" என்றார். இரண்டாம் தடவை நாற்பது கிராம் காட்டியது.

"காலையிலேர்ந்து என்ன குடிச்சீங்க?"

"காபி. அரை டம்ளர்."

"நேத்து?"

வடிவு யோசித்துப் பார்த்தாள். "அதேதான் மேடம்."

மதுரையில் ஒரு ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் அவள் இருபத்துநான்கு வருஷமாக நிற்கிறாள். அந்த மாடியில் எட்டுப் பெண்கள். பாத்ரூம் போவதற்கு ஒரே ஒரு டோக்கன். எடுத்துக்கொண்டு போனால் ஏழு நிமிஷத்தில் திரும்பிவிட வேண்டும். சூப்பர்வைசர் பால்வண்ணன் யாரையும் திட்டியதில்லை. கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வடிவுக்குத் தாகம் எடுத்துக்கொண்டுதான் இருந்தது. மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அதுவே போய்விட்டது. வேறு யாரிடமாவது நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று அவள் நினைத்துக்கொள்வாள். இந்த வருஷம் கடையில் சீட்டுக் குலுக்கிப்போட்டு ஊழியர்கள் இரண்டு பேரைக் கப்பலுக்கு அனுப்பினார்கள். ஒரு சீட்டு வடிவுக்கு விழுந்தது. இன்னொன்று பால்வண்ணனுக்கு.

"நாப்பது கிராமுக்கெல்லாம் அளவில்லாத் திட்டம் குடுக்கறதில்லம்மா" என்றார் ஹெலன் பர்னாந்து. "போன தடவை உங்கள மாதிரி ஒருத்தர் பிடிவாதமா பட்டை வாங்கிட்டார். மூணு நாளா ஒரே எலுமிச்சை ஜூஸைப் பாத்துக்கிட்டே இருந்தார். ஜூஸ் அழுதுடுச்சு. சமாதானப்படுத்த முடியல."

கொஞ்சமாகக் குடிக்கிறவர்களுக்கு வேறு ஏற்பாடுகள் இருந்தன. பத்துச் சீட்டுகள் கொண்ட ஒரு புத்தகம் வாங்கிக்கொள்ளலாம். ஒரு சீட்டுக்கு ஒரு டம்ளர். வாசனைச் சீட்டு என்று ஒன்று உண்டு. அதை வைத்திருப்பவர் காபி இயந்திரத்துக்குப் பக்கத்திலுள்ள பெஞ்சில் தினம் ஒரு மணிநேரம் உட்காரலாம். வடிவு வாசனைச் சீட்டைக் கேட்க வாயெடுத்தபோது, பின்னால் நின்றவர் மூச்சு விட்டார். தட்டு மேசையில் டங்கென்று இடித்தது.

நாலு கிலோ அறுநூறு.

ஹெலன் பர்னாந்து ஆரஞ்சுப் பட்டையை எடுத்தார். அந்த மனிதர் கையை நீட்டாமல் சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். பெயர் ஞானதிரவியம். நாகர்கோவிலில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். கடிதம் எழுதியது அவருடைய டாக்டர்.

"இருதயம் பெரிசாயிட்டு. உடம்புல தண்ணி சேரக் கூடாது பாத்துக்கிடுங்க. ஒரு நாளைக்கு மூணு டம்ளர், மாத்திரைக்கும் சேத்து. எட்டு வருஷமாச்சு."

ஹெலன் பர்னாந்து கடிதத்தைப் படித்தார். வடிவைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு இழுப்பறையின் அடியிலிருந்து ஒரு பச்சை அட்டையை எடுத்து முத்திரை குத்தி, நடுவில் கிழித்து ஆளுக்குப் பாதி கொடுத்தார்.

"இது கூட்டுத் தாகச் சீட்டு. இவங்க குடிச்சா உங்க தாகம் தீரும் சார். தண்ணி இவங்க உடம்போட நின்னுடும். ரெண்டு பேரும் கப்பல்ல எங்க இருந்தாலும் சரி. கரையில கால் வச்சதும் செல்லாது."

வடிவு பாதி அட்டையைக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். முன்பின் தெரியாத ஒருவரின் தொண்டையை வாங்கி உள்ளே வைத்துவிட்டோமே என்று கூச்சமாக இருந்தது.

ஆரஞ்சுப் பட்டைக்காரர்களை ஆறாம் தளத்துக் கூடத்தில் உட்காரவைத்தார்கள். தொடங்கியதை முடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது என்பது விதி. அளவில்லாததற்கு முடிவு கிடையாது என்பதால் அவர்கள் எழுந்திருக்கவில்லை. மனைவிமார்கள் காலையில் வந்து தலை வாரிவிட்டுப் போனார்கள். யாருக்காவது அவசரம் என்றால் தாகம் குறைந்த ஒருவர் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து இடத்தைக் காக்க வேண்டும். இரண்டு கிலோ இருநூறு கிராம் இருந்த பால்வண்ணன் ஜன்னலோர நாற்காலியில், நிரம்பிய டம்ளர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை வடிவு சாப்பாட்டறையில் அரை டம்ளர் மோர் குடித்தாள். டம்ளரைக் கீழே வைப்பதற்குள் ஞானதிரவியம் வந்துவிட்டார். யார் எதிரே வந்தாலும் அவருடைய கால் தானாக இல்லாத பிரேக்கை மிதிக்கும்; அதனால் கூட்டத்தில் நின்று நின்றுதான் நடப்பார்.

"மோர்தானே? இஞ்சி இருந்தது. கறிவேப்பிலை போடல."

"ஆமா சார். போடல."

"பரவாயில்ல. ரொம்ப நல்லாருந்தது" என்றார், அவளே கடைந்து கொடுத்ததுபோல. சற்றுத் தயங்கிவிட்டு, "உங்களுக்குச் சிரமம் இல்லன்னா ஒரு நன்னாரி சர்பத் குடிப்பீங்களா? அவசரமில்ல. எப்ப முடியுதோ அப்ப" என்றார்.

வடிவு அன்று பதினோரு மணிக்கு நன்னாரி சர்பத் குடித்தாள். எதிர் நாற்காலியில் ஞானதிரவியம் கைகளை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். "மெதுவா" என்றார். "ஐஸைக் கடைசியா வச்சுக்கிடுங்க." கல்யாணப் பெண்கள் முதல் புடவையைத் தோளில் போட்டுக் கண்ணாடியைப் பார்க்கும்போது அவர்கள் முகத்தில் ஒன்று வரும். வடிவு அதைப் பல ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். அது இப்போது ஐம்பத்தாறு வயது டிரைவிங் மாஸ்டரின் முகத்தில் வந்தது. அன்று அவள் மேலும் இரண்டு டம்ளர் தண்ணீரும் ஒரு முழு டம்ளர் டீயும் குடித்தாள்.

மூன்றாம் நாள் காலையில் பானகத்தை எடுத்துக்கொண்டு ஆறாம் தளத்து வழியாக நடந்தபோது பால்வண்ணன் அவளைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வேறொன்றும் செய்யவில்லை. வடிவு பானகத்தைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள். மத்தியானம் சாப்பிட்டாள், தண்ணீரைத் தொடவில்லை.

ஞானதிரவியம் வந்து கேட்கவில்லை. கேட்பது அவர் வழக்கமும் இல்லை. முப்பது வருஷத்தில் வண்டி பழக வந்த யாரிடமும் அவர் "பிரேக்" என்று கத்தியது கிடையாது. தன் பக்கத்துப் பிரேக்கைத் தானே மிதித்துவிடுவார்.

நாலு மணிக்கு வடிவு காற்றுக்காக மேல்தளத்துக்கு வந்தபோது, தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். உதடு வெளுத்து வெடித்திருந்தது. கையில் தளும்பத் தளும்ப ஒரு டம்ளர் தண்ணீர்.

"இது எத்தனாவது சார்?"

"நாலாவது. குடிக்கல. பிடிச்சிட்டு நிக்கேன்."

"எவ்வளவு நேரமா?"

"ரெண்டு மணியிலேர்ந்து."

"எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"உங்களுக்கு என்ன கஷ்டமோன்னு இருந்தேன்."

டம்ளர் அவர் வாய்ப்பக்கம் ஒரு விரற்கடை நகர்ந்தது. அவர் நகர்த்தியதாகத் தெரியவில்லை. வடிவு அதை அவர் கையிலிருந்து வாங்கினாள். நின்றபடியே, அண்ணாந்து, மூச்சு விடாமல் குடித்தாள். கழுத்து வழியாக வழிந்து ரவிக்கை நனைந்தது. டிரம்மைத் திறந்து இன்னொன்று பிடித்தாள். அப்புறம் இன்னொன்று. ஞானதிரவியம் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார். நாலாவது டம்ளரில் அவர் உதட்டில் நிறம் வந்தது. ஐந்தாவதில் விக்கினார்.

"போதும்" என்றார். "போதும்மா. வயிறு உங்களுதுல்லா."

வடிவுக்கு உடனே போக வேண்டியிருந்தது. ஆறாம் தளத்துக் கூடத்தைத் தாண்டித்தான் பாத்ரூம். அவள் வேகமாக நடந்தாள். பால்வண்ணனின் மணிக்கட்டு உயர்ந்தது. பாதி உயரத்தில் நின்றுவிட்டது.

"வடிவு."

நின்றாள்.

"ஒரு அஞ்சு நிமிஷம் இந்தச் சேர்ல உக்காருறியாம்மா? நேத்திலேர்ந்து யாருமே உக்கார வரல." அவர் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

வடிவு அவரைப் பார்த்தாள். "முதல்ல நான் போயிட்டு வந்துடறேன் சார். அப்புறம் உக்காருறேன்."

நிதானமாகப் போய் வந்தாள். முகம்கூடக் கழுவிக்கொண்டாள். பதினோரு நிமிஷம் ஆயிற்று. பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பால்வண்ணன் ஓடினார். இருபது நிமிஷம் கழித்துத் திரும்பி வந்தவர் உடனே உட்காராமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏழு நிமிஷம் பத்தாது, இல்ல?"

"பத்தாது சார்."

"யாரும் சொன்னதே இல்லையே."

"நீங்க கேக்கல சார்."

பால்வண்ணன் கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னாலிருந்த பீரில் போட்டார். கடிகாரம் கொஞ்சம் குடித்துவிட்டு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு வடிவு யாரையும் பார்க்காமல் குடித்தாள். இளநீர், ரோஸ்மில்க், பெயர் தெரியாத ஒரு ஊதாநிறப் பழச்சாறு. ஒரே ஒரு வாய் பீரும் குடித்தாள். இரண்டு தளம் கீழேயிருந்து ஞானதிரவியம் "ஐயய்யோ" என்றது அவளுக்குக் கேட்டது. மற்ற நேரங்களில் இருவரும் கம்பியோரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் வீட்டில் மகள் மட்டும். எட்டு வருஷமாக அவள் அப்பா முன்னால் தண்ணீர் குடித்தது கிடையாது. அடுக்களைக்குள் போய்க் குழாயை நூல் மாதிரித் திறந்துவைத்து, சத்தம் வராமல் டம்ளரை நிரப்புவாள்.

"எனக்குக் கேக்கும்" என்றார் ஞானதிரவியம். "கேக்காத மாதிரி ரேடியோவ வப்பேன்."

வடிவு அவர் பக்கம் திரும்பினாள். "உங்க முன்னாலயே குடிக்கச் சொல்லுங்க சார்" என்றாள். "குடிக்கறதப் பாத்தாலும் கொஞ்சம் தீருது. நான் குடிக்கறப்ப உங்க முகத்தப் பாத்துட்டுத்தானே இருக்கேன்."

நாலாம் நாள் மத்தியானம் தூங்கி எழுந்தபோது வடிவின் தொண்டை வறண்டிருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவருக்குத்தான் முடியவில்லை போலிருக்கிறது என்று பதறிக்கொண்டு மேல்தளத்துக்கு ஓடினாள். அவர் ஒரு சிறுமிக்குக் கப்பல் கம்பியை ஸ்டியரிங்காகப் பிடித்து வளைவில் திருப்பக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"சார், உங்களுக்குத் தாகமா?"

"இல்லையே."

"நல்லாப் பாருங்க."

அவர் எச்சில் விழுங்கிப் பார்த்தார். "இல்லம்மா. சத்தியமா இல்ல."

வடிவு தன் தொண்டையைத் தடவிப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "அப்ப இது என்னோடது."

"இருங்க" என்றார் ஞானதிரவியம். "அங்கேயே இருங்க. நான் கொண்டுவாரேன்." எதிரே எத்தனையோ பேர் வந்தார்கள். அவர் ஒரு இடத்திலும் நிற்காமல் நடந்துபோய், டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுவந்து கொடுத்தார். வடிவு குடித்தாள். தண்ணீர் குளிர்ச்சியாக நெஞ்சுவரை இறங்குவது தெரிந்தது. இருபத்துநான்கு வருஷத்துக்கு அப்புறம் தண்ணீருக்கு ருசி இருந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியல" என்றார் அவர். சந்தோஷத்தில் குரல் உடைந்தது. "ஒரு சொட்டுகூட வரல. எல்லாம் உங்களுக்குத்தான்."

ஐந்தாம் நாள் காலை இறங்குவதற்கு முன் மறுபடி தராசு. வடிவு இப்போது ஒரு கிலோ தொள்ளாயிரம். ஞானதிரவியம் இரண்டே முக்கால்.

"பயணத்துல கூடினத இங்கேயே விட்டுட்டுப் போகலாம்மா" என்றார் ஹெலன் பர்னாந்து. "நாங்க கடல்ல சேத்துடுவோம்."

"வேண்டாம் மேடம். என்னோடது. நானே வச்சுக்கறேன்."

"உங்களால தாங்க முடியுமா சார்? இனிமே இவங்க இருக்க மாட்டாங்க."

"ரெண்டே முக்கால்தான?" என்றார் ஞானதிரவியம். "மூணு டம்ளர்ல சமாளிச்சிரலாம். மிச்சத்துக்கு மகள முன்னால உக்காரவச்சுக் குடிக்கச் சொல்லுவேன்."

வடிவு ஆறாம் தளத்துக்குப் போய்ப் பால்வண்ணனிடம் சொல்லிக்கொண்டாள். அவர் தொடங்கியது இன்னும் முடியவில்லை. அடுத்த பயணமும் அந்த நாற்காலியில்தான். "கடைக்குப் போனதும் சொல்லிடும்மா" என்றார். "டோக்கனெல்லாம் வேண்டாமாம், அவங்கவங்க போயிட்டு வரட்டுமாம்னு நான் சொன்னதாச் சொல்லு. யாராவது கேட்டா எனக்குப் போன் போடச் சொல்லு." அவர் எழுந்து காலை நீட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்காக வடிவு கொஞ்ச நேரம் அங்கே உட்கார்ந்துவிட்டு வந்தாள்.

பத்து மணிக்குப் படிகளை இறக்கினார்கள். கடைசிப் படிக்குக் கீழே கடல்தான் இருந்தது. ஒலிபெருக்கியில் ஒரு பெண் அறிவித்தாள். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. கப்பல் வந்து சேர்ந்துவிட்டது. சென்னை இன்னும் வரவில்லை. பகல் ஒரு மணிக்கு எதிர்பார்க்கப்படுகிறது."

பயணிகள் பெட்டிகளை இறக்கி வைத்தார்கள். ஒரு குடும்பம் போர்வையை விரித்து எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிரித்தது. ஞானதிரவியம் படியில் உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டார். வடிவு உட்கார்ந்தாள்.

"எனக்கு இன்னிக்கு ஒரு டம்ளர் பாக்கி இருக்கு" என்றார் அவர்.

"சுக்குக் காபி சொல்லட்டுமா? ரெண்டு."

"சொல்லுங்க. சர்க்கரை வேண்டாம், கருப்பட்டி இருந்தாப் போடச் சொல்லுங்க."

காபி வந்தது. ஆளுக்கொன்றாக எடுத்து ஊதி ஊதிக் குடித்தார்கள். ஒரு மணி அடித்தபோது கலங்கரை விளக்கம் மட்டும் முதலில் தனியாக வந்தது. வெயிலில் நடந்து வந்ததில் அதற்கு மூச்சு வாங்கியது. நிற்பதற்கு இடம் வேண்டுமே என்று கப்பல் கொஞ்சம் ஒதுங்கிக் கொடுத்தது.