எந்தச் சாமிக்கும் சொந்தமில்லாத பொம்மை

சுகிர்தம் தலைப்பிரசவத்துக்குப் போடிக்குப் போய் ஆறு மாதமாகிவிட்டது. பெண் பிள்ளை பிறந்து மூன்று மாதம் முடிந்ததும் அவளுடைய அப்பா, ஏலக்காய் வியாபாரி ஞானசிகாமணி, தேனியில் இருந்த மருமகன் ஜெபமணிக்கு ஒரு கார்டு போட்டார். அடுத்த வாரம் சனிக்கிழமை காலையில் மகளையும் பேத்தியையும் டாக்சி வைத்துக் கூட்டிவருவதாக எழுதியிருந்தார். கார்டின் ஓரத்தில் மிச்சமிருந்த இடத்தில் சுகிர்தம் பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தாள். "அந்தப் பொட்டக்காட்டை வந்து பார்த்துட்டுத்தான் இருக்கறதா, அப்பாகூடத் திரும்பறதான்னு சொல்வேன்."

ஜெபமணி அந்த வரியை ஆபீசில் நான்கு தரம் படித்தான். கோபமாக எழுதியதா, விளையாட்டாக எழுதியதா என்று விளங்கவில்லை. கூட்டுறவு ஆபீசில் கிளார்க் வேலை, போடி ரோட்டில் ஊருக்கு வெளியே கடன் போட்டுக் கட்டிய சின்ன வீடு. சுற்றிலும் வேறு வீடு கிடையாது. சோளக்காடு, அதைத் தாண்டி ராமுத்தாய் என்கிற சம்சாரிப் பெண்ணின் பம்ப்செட், அதற்கப்புறம் மலைதான். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிய அன்று சுகிர்தம் வந்து பார்த்துவிட்டு, "கண்ணுக்கு எட்டின வரைக்கும் ஒண்ணையுமே காணமே" என்று சொன்னது அவனுக்கு ஞாபகம் இருந்தது. போடியில் அவள் பிறந்த வீட்டில் குரோட்டன்ஸ் வரிசை உண்டு, மீன் தொட்டி உண்டு. ஆகவே அவள் தோட்டத்தைத்தான் சொல்கிறாள் என்று ஜெபமணி முடிவு கட்டினான். முடிவு கட்டின பிறகும் சந்தேகம் போகவில்லை.

நான்கு குரோட்டன்ஸ் கன்றும் ஒரு ரோஜாப் பதியனும் கொண்டுவந்து நட்டான். ஐந்தாம் நாள் பார்த்தால் அவை யாரோ வேலிக்கு ஊன்றிவிட்டு மறந்துபோன குச்சிகள் மாதிரி நின்றன. செடி வளர்ந்து தோட்டமாக ஒரு வருஷம் ஆகும். சனிக்கிழமைக்கு நான்கு நாள்தான் இருந்தது.

"செடி வளரணும். சிலை வளர வேணாம்ல" என்றார் பக்கத்து மேஜைக்காரர் சங்கரலிங்கம். "வீரபாண்டியில கருத்தக்கண்ணன்னு ஒருத்தன் இருக்கான். கோபுரத்துக்குச் சுதை வேலை செய்யறவன். சிமெண்டுல கேட்டதச் செஞ்சு தருவான். ரெண்டு மானு, ஒரு மயிலுன்னு வாங்கி நிறுத்துங்க. வீடே மாறிப் போகும்."

அந்த யோசனை ஜெபமணிக்குப் பிடித்தது. பிடித்த கையோடு பயமும் வந்தது. ஞானசிகாமணி சபையில் மூப்பர். மளிகைக்கடைக்காரர் அன்பாகக் கொடுத்த காலண்டரில் லட்சுமி படம் இருந்ததென்று நடந்தே போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த மனிதர். அவர் கண்ணில் படுகிற மாதிரி வீட்டு வாசலில் சிலை வைப்பதென்றால், அது எந்தச் சாமிக்கும் எந்த வகையிலும் சொந்தமில்லாத சிலையாக இருக்க வேண்டும்.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு வீரபாண்டிக்குப் பஸ் ஏறினான்.

கருத்தக்கண்ணனின் பட்டறை ஆற்றுக்குப் போகிற வழியில் ஒரு தகரக் கொட்டகை. வாசலில் பாதி முடிந்த பூதங்களும், தலை இல்லாத காவல்காரர்களும், கண் எழுதாத குதிரைகளும் நின்றன. கருத்தக்கண்ணன் ஒரு சிங்கத்தின் வாய்க்குள் கையை விட்டுப் பல் வைத்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்கு முன்னால வைக்க ஒரு சிலை வேணும்" என்றான் ஜெபமணி. "ஆனா சாமி சம்பந்தம் இருக்கக் கூடாது. நாங்க வேதக்காரங்க."

"அம்புட்டுத்தானே. மயில் எடுத்துக்கிருங்க."

"மயில் முருகனுக்குல்ல."

"ஆமா, வாகனம். அப்ப மான்?"

ஜெபமணி மானைச் சுற்றிவந்து பார்த்தான். பிடித்திருந்தது. "மான்ல யாரும் ஏறலையே?"

"ஏறல. சிவன் கையில வச்சிருக்காரு."

ஜெபமணி மானைவிட்டு நகர்ந்தான். சிங்கம் ஆத்தாளுக்கு. காளை சிவனுக்கு. கிளி மீனாட்சி தோளில். நாய் பைரவருக்கு. முயலைச் சந்திரன் மடியில் வைத்திருப்பதாகக் கருத்தக்கண்ணன் சொன்னார். எலியை அவன் கேட்கவே இல்லை.

"எங்க வேதத்துல கழுதை வரும்" என்றான், கொஞ்சம் யோசித்துவிட்டு.

"கழுதை மூதேவிக்குல்ல. குடியிருக்கிற வீட்டுல அத வைக்கலாமா?"

"ஆட்டுக்குட்டி?"

கருத்தக்கண்ணன் சிங்கத்தின் வாயிலிருந்து கையை எடுத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "சார், ஆட்டச் சிலையா வச்சிக்கிட்டு என்ன செய்யறது? அதுவும் அக்கினி பகவானுக்கு வாகனம்னு சொல்லுவாக. இந்த உலகத்துல உள்ளது அம்புட்டையும் எங்க ஆளுக முன்னாலயே பிடிச்சு வச்சிட்டாக. நீங்க பிந்தி வந்தா நான் என்ன செய்ய?"

"கொக்கு?"

கருத்தக்கண்ணன் நெற்றியைச் சுருக்கி வெகுநேரம் யோசித்தார். "கொக்குல யாரும் ஏறுன மாதிரி தெரியல. கால் ஒடிஞ்சு போகும்னு விட்டிருப்பாக. ஆனா கொக்கு இப்ப கையில இல்ல. செய்யப் பத்து நாளாகும்."

ஜெபமணி சோர்ந்துபோய்த் திரும்புகிற நேரத்தில்தான் கொட்டகையின் பின்மூலையில் சாக்குக்கு அடியில் ஒரு தலை தெரிந்தது. இடுப்பளவு உயரம். பெருத்த வயிறு, மார்பு வரைக்கும் தாடி, தலையில் கூம்புத் தொப்பி, கையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற பூவாளி.

"அது தேவிகுளம் பக்கத்துல ஒரு எஸ்டேட் துரை கேட்டது" என்றார் கருத்தக்கண்ணன். "அவுக ஊர்த் தோட்டத்துல எல்லாம் இப்படிக் குள்ளன் நிப்பானாம். படம் குடுத்தாரு, பார்த்துச் செஞ்சேன். முடிக்கறதுக்குள்ள எஸ்டேட்ட வித்துட்டுச் சீமைக்கே போயிட்டாரு. மூணு வருசமாக் கிடக்கு."

"இவன்மேல யாராவது ஏறுவாங்களா?"

"இவன் மேலயா?" கருத்தக்கண்ணன் முதல் தடவையாகச் சிரித்தார். "இவன் யாருன்னு எனக்கே தெரியாது சார்."

அந்த வார்த்தைதான் ஜெபமணிக்கு வேண்டியிருந்தது. தொப்பிக்குச் சிவப்பு அடித்து, வெள்ளிக்கிழமை கொண்டுவந்து நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு, அச்சாரம் கொடுத்து பஸ் ஏறினான். பஸ்ஸில் வரும்போது, சிரிக்கிற முகமாக இருந்ததா, அழுகிற முகமாக இருந்ததா என்று கவனிக்காமல் வந்துவிட்டோமே என்று தோன்றியது. கண்ணே எழுதவில்லை என்பது அதற்கப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மாட்டுவண்டியில் குள்ளன் வந்தான். தொப்பியும் அங்கியும் காவி நிறத்தில் இருந்தன.

"சிவப்புல்ல சொன்னேன்."

"சிவப்பு தீந்துபோச்சு. கோபுர வேலைக்கு வாங்குன காவிதான் மிச்சம் இருந்துச்சு. வெயிலுக்கு வெளுக்காது" என்றார் கருத்தக்கண்ணன். ஈரமண்ணில் நிறுத்தினால் சாயும் என்று, கட்டுமானத்தில் மிஞ்சிக் கிடந்த செங்கல்லை அடுக்கி முழ உயரத்துக்கு ஒரு மேடை போட்டார். வண்டிக்காரரும் அவருமாகக் குள்ளனைத் தூக்கி அதன்மேல் வைத்தார்கள். பிறகு சின்ன தூரிகையும் கறுப்புச் சாயமும் எடுத்துக்கொண்டு, "ஒரு கண்ணாடி கொண்டாங்க சார்" என்றார்.

"எதுக்கு?"

"கண்ணு தெறக்கணும்ல. முதப் பார்வை ஆள்மேல விழக் கூடாது. கண்ணாடியிலதான் விழணும்."

"அது சாமி சிலைக்குத்தானே?"

"சாமியோ குள்ளனோ, கை பழகிப் போச்சு. எதுத்தாப்புல கண்ணாடி இல்லாட்டி எனக்குக் கண்ணு எழுத வராது."

ஜெபமணி யோசித்தான். இது பூஜையில் சேருமா, தொழிலில் சேருமா? மந்திரம் எதுவும் சொல்லப்போவதில்லை. கண்ணாடி என்பது வெறும் கண்ணாடி. மாட்டேன் என்றால் இந்த மனிதர் கண் இல்லாமலே விட்டுவிட்டுப் போய்விடுவார், நாளைக்குப் பிள்ளை பார்த்தால் பயந்து அழும். உள்ளே போய்ச் சுகிர்தத்தின் முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துவந்து, குள்ளன் முகத்துக்கு நேரே தானே பிடித்துக்கொண்டு நின்றான்.

அந்த நேரம் பார்த்து ராமுத்தாய் புல்லுக்கட்டோடு வந்தாள். கூடவே அவள் நாத்தனார் சுப்புத்தாய். இரண்டு பேரும் நின்றார்கள். கட்டை இறக்கி வைத்தார்கள். செருப்பைக் கழற்றினார்கள்.

"என்ன சாமி தம்பி இது?" என்றாள் ராமுத்தாய்.

"சாமி இல்லக்கா. சும்மா பொம்மை."

"சும்மா பொம்மைக்கா மேடை போட்டு, கண்ணாடி காட்டிக் கண்ணு தெறக்காக?"

ஜெபமணி கருத்தக்கண்ணனைப் பார்த்தான். அவர் மூச்சை அடக்கி இடது கண்ணின் பாவையை வைத்துக்கொண்டிருந்தார். கண் எழுதும்போது பேசுகிற வழக்கம் அவருக்கு இல்லை.

"குட்டையா இருக்காரு. தாடி வச்சிருக்காரு" என்றாள் சுப்புத்தாய் மெதுவாக. "காவி கட்டியிருக்காரு. கையில பாருங்க மதினி, கமண்டலம்."

"அகத்தியரு" என்றாள் ராமுத்தாய். சொன்ன பிறகு அதில் பேச்சுக்கு இடமே இல்லாமல் போயிற்று.

"அது பூவாளிக்கா. செடிக்குத் தண்ணி ஊத்தறது."

"அதத்தானே நானும் சொல்றேன். அவரு கமண்டலம் சாஞ்சுதானே ஆத்துல தண்ணி வந்துச்சு." அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "மூணு வருசமா மழைய எதிர்பாத்துக்கிட்டுக் கிடக்கோம். வேதக்காரப் பிள்ளைக்கு இப்படி ஒரு நெனப்பு வந்துருக்கு பாரு."

கருத்தக்கண்ணன் கைகழுவிவிட்டு வண்டி ஏறினார். "நீங்களாவது சொல்லிட்டுப் போங்க" என்று ஜெபமணி கெஞ்சினான். "இவன் யாருன்னு தெரியாதுன்னு அன்னைக்கே சொன்னேனே சார்" என்றார் அவர். "தெரியாதவன எப்படி இல்லைங்கறது?"

சாயங்காலத்துக்குள் மேடையில் செவ்வந்திப் பூவும் ஒரு அகல்விளக்கும் வந்துவிட்டன. ஜெபமணி அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றான். எடுத்துப் போட்டால் ராமுத்தாய் மனம் நோகும். அவள் பம்ப்செட்டிலிருந்துதான் இந்த வீட்டுக்குக் குடிக்கத் தண்ணீர் வருகிறது. எடுக்காமல் விட்டால் காலையில் மாமா பார்ப்பார், மகளை டாக்சியைவிட்டு இறங்கவே விடமாட்டார். சுகிர்தம் இந்தப் பொட்டலில் இருப்பதும் இல்லாததும் இப்போது ஒரு அகல்விளக்கில் வந்து நின்றது. எதையும் எடுக்காமல், எதையும் வைக்காமல், எதுவும் தெரியாமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்தான். சிமெண்டுச் சாக்கு இரண்டைப் பிரித்துத் தைத்து, விளக்கு அணைந்ததும் குள்ளனை மேடையோடு சேர்த்து மூடிவிட்டான்.

சனிக்கிழமை காலையில் கதவைத் திறந்தால் வேலிக்கு உள்ளே எட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"திரை போட்டிருக்காகளாம்ல" என்றாள் முன்னால் இருந்த கிழவி. "எப்ப தம்பி தெறப்பீக?"

அவன் சாக்கை இன்னும் கீழே இழுத்துவிடும்போதே டாக்சி வந்து நின்றது. முதலில் ஞானசிகாமணி குடையோடு இறங்கினார். பின்னால் சுகிர்தம் துணியில் சுற்றிய பிள்ளையோடு.

"என்ன மாப்பிள்ளை, கூட்டம்?" என்றார் ஞானசிகாமணி. அவர் முகத்தில் கலவரம் தெரிந்தது. "யாருக்காவது எதுவும் ஆயிருச்சா?"

"இல்ல மாமா. பொம்மை... தோட்டத்துக்கு வாங்குனது."

அதற்குள் பெண்கள் சுகிர்தத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். "பச்சப்பிள்ளைய வெயில்ல வச்சிக்கிட்டு நிக்காத ஆத்தா, குடு இங்கன" என்று கிழவி பிள்ளையை வாங்கிக்கொண்டாள். மூக்கு யார் ஜாடை என்று ஒருத்தி கேட்டாள். பால் போதுமா என்று ஒருத்தி கேட்டாள். ராமுத்தாய் பிள்ளையின் உள்ளங்காலை முகர்ந்து பார்த்தாள். சுகிர்தம் அவரவர் வீடு எங்கே என்று கேட்டாள், சோளக்காட்டுக்கு அந்தப் பக்கம் ஒவ்வொரு கையாக நீண்டது.

ஞானசிகாமணி நேரே மேடைக்குப் போய்க் குடை நுனியால் சாக்கைத் தூக்கினார். பெண்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். அவர் சாக்கை அப்படியே விட்டுவிட்டார்.

"மாப்பிள்ளை, இத எடுங்க. இது இங்க இருக்கற வரைக்கும் எம் பொண்ண விட்டுட்டுப் போகமாட்டேன்."

"கண்ணு தெறந்தத எடுக்கக் கூடாதுய்யா" என்றாள் ராமுத்தாய், சத்தம் உயர்த்தாமல். "எடுத்தா நாங்க இந்தப் பக்கம் எதுக்கு வரப்போறோம்."

இரண்டு பேரும் ஜெபமணியைப் பார்த்தார்கள். கண்ணாடி பிடித்தது நான்தான் என்று இப்போது ஒப்புக்கொள்வது சரியா, பிந்திச் சொல்வது சரியா என்று அவனுக்குத் தெரியவில்லை. சுகிர்தம் மேடைக்கு வந்தாள். சாக்கை முழுதாக உருவிப் போட்டுவிட்டு, குள்ளனின் வயிற்றையும் தாடியையும் கையில் இருந்த பூவாளியையும் பார்த்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு புருஷனைப் பார்த்தாள்.

"இதையா தேடிப் புடிச்சீக, எனக்காக?"

"நீதானே பொட்டக்காடுன்னு எழுதியிருந்த."

"பேச்சுத்துணைக்கு ஆள் இல்லன்னு எழுதுனேன்." அவள் கிழவியின் மடியில் தூங்கிப்போன பிள்ளையைப் பார்த்தாள், பிறகு வேலியைப் பார்த்தாள். "அப்பா, வேலிக்கு உள்ளதானே நம்ம வீடு? அங்கன ரோட்டோரம் புளியமரம் நிக்குது. அதுக்கடியில வச்சிட்டா அது ஊருக்குப் பொது. ராமுத்தாயக்கா, மரத்தடி உங்களுக்குச் சம்மதமா?"

"மரத்தடின்னா இன்னும் விசேசம்" என்றாள் ராமுத்தாய்.

ஞானசிகாமணி குடையை ஊன்றிக்கொண்டு புளியமரத்தைப் பார்த்தார். அதற்கு எதிராக ஒரு வசனம் அகப்படுமா என்று அவர் தேடுவது முகத்தில் தெரிந்தது. அகப்படவில்லை போல. "சீக்கிரம் தூக்குங்க" என்றார்.

டாக்சி டிரைவரும் ஜெபமணியும் தூக்கிப் பார்த்தார்கள். அசையவில்லை. ஞானசிகாமணி குடையை மகளிடம் கொடுத்துவிட்டுத் தானும் ஒரு பக்கம் கொடுத்தார். பாத்தியில் ஊற்றிய தண்ணீரில் செருப்பு வழுக்கியது. கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு குனிந்து குள்ளனின் காலைப் பிடித்தார். அதைக் கண்டதும் எட்டுப் பெண்களும் ஒரே சேரக் குலவை போட்டார்கள். சபை மூப்பர் இடுப்பளவுச் சிலையைத் தாங்கிக்கொண்டு, கையை எடுக்கவும் முடியாமல் கீழே போடவும் முடியாமல், குலவைக்கு நடுவில் ரோட்டைத் தாண்டினார்.

புளியமரத்தடியில் இறக்கி வைத்ததும் அவர் கையைத் துடைத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் டாக்சியில் போய் உட்கார்ந்தார். பெட்டிகளை இறக்கச் சொல்லி உள்ளே இருந்தபடியே டிரைவருக்குச் சைகை காட்டினார்.

ஜெபமணி மேடையைப் பார்த்தபடி நின்றான். செங்கல் வெறுமையாக இருந்தது. சிலை வாங்கியது தோட்டத்துக்கு, இப்போது தோட்டத்தில் சிலை இல்லை, ஊருக்கு ஒரு சாமி இருந்தது. இதில் தான் செய்தது சரியா தப்பா என்று சுகிர்தத்திடம் கேட்கலாமென்று உள்ளே போனான்.

அவள் கூடத்தின் நடுவில் நின்று அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு கொக்கியக் கூடக் காணோம்" என்றாள். "தொட்டிலை எங்க கட்டப் போறீக?"