காற்று மடித்த சாக்குகள்

இந்தச் சுவரோடு சரி, இனிமேல் கட்டட வேலைக்கு வரமாட்டேன் என்று சித்தாள் தன் கணவரிடம் சொல்லி ஒரு மாதம் ஆகிறது. தையல் கடையில் பட்டன் தைக்கும் வேலை கிடைத்திருந்தது. உட்கார்ந்து செய்யும் வேலை. அந்த ஒன்றுக்காகவே அவள் ஒத்துக்கொண்டாள். சுண்ணாம்பு தின்ற விரல்களும் சாந்துச் சட்டி சுமந்து விட்டுப்போன இடுப்பும் வேறெதையும் கேட்கவில்லை.

கொத்தனாரான கணவர் அதற்கு "சரி" என்றார். அவ்வளவுதான். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்குக் கல்லுளிமங்கன் என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும் என்பார்கள். கல்யாணமான நாளிலிருந்து கரைத்துக் கரைத்து அவளுக்குத்தான் கை ஓய்ந்தது.

சுவர் பழைய தபால் நிலையத்தினுடையது. செங்கற்களுக்கு நடுவே இருந்த சாந்து மழையில் அரித்துப் போயிருந்தது. அதை உளியால் சுரண்டி எடுத்து, இடுக்கை நனைத்து, புதுச் சுண்ணாம்புச் சாந்தை அழுத்தி அடைப்பது கொத்தனார் பாடு. அதன்மேல் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, காயக் காய நனைத்துக்கொண்டே இருப்பது அவள் பாடு. சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும். வெயிலில் சட்டென்று காய்ந்துவிட்டால் மாவாக உதிர்ந்துவிடும், பட்ட பாடெல்லாம் வீண்.

சனிக்கிழமை கடைசி வரிசையும் முடிந்தது. மறுநாள் விடுமுறை, ஆனால் சாக்குக்கு ஏது விடுமுறை? தண்ணீர் ஊற்ற அவள் புறப்பட்டபோது கொத்தனார் தடுத்தார். நீ படு, நான் போய் நனைத்துவிட்டு வருகிறேன் என்றார். மனிதருக்கு இப்போதாவது தோன்றியதே என்று அவள் மனசு இளகிப் போனது. அன்று பகல் முழுக்க அடித்துப் போட்டாற்போல் தூங்கினாள்.

திங்கள் காலை வந்து பார்த்தால் சுவரில் ஒரு சாக்குகூட இல்லை. எல்லாம் சாரத்தடியில் ஒரு மூலையில், சலவைக்குப் போய் வந்தவை போல ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து வைத்திருந்தது. கடைசியாக அடைத்த இடுக்கில் அவள் நகத்தை வைத்தாள். வெள்ளைப் பொடி கொட்டியது. அந்தப் பக்கம் முழுக்க அதே கதை.

காற்றில் விழுந்திருக்கும் என்றார் கொத்தனார், அவள் கேட்பதற்கு முன்பே.

"காத்துக்கு மடிச்சு வைக்கத் தெரியுமாங்க?"

அவர் உளியின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தப்புச் செய்வதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். சாக்குகளைக் கண்டபடி வீசியிருந்தால் பழி காற்றின்மேல் போயிருக்கும். வேலைச் சாமானை அப்படிப் போட அவருக்குக் கை வராது. அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பின்னாலேயே ஆத்திரம் வந்தது.

"செவுத்தக் கெடுத்தா நான் போகாம இருந்துடுவேன்னு நெனச்சீங்களா? இருன்னு வாயத் தொறந்து கேட்டா என்ன?"

அவர் செங்கல்லைப் பார்த்தபடியே சொன்னார்.

"இரேன். மேல நின்னு குனிஞ்சு பாத்தா நீ இருக்கணும். வேற யாராவது நின்னா எனக்கு வேலை ஓடாது."

இத்தனை நாள் அவர் கேட்காமல் இருந்தது எவ்வளவு வசதி என்று இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கேட்டிருந்தால் அன்றைக்கே தையல் கடைக்கு வரவில்லை என்று சொல்லி அனுப்பியிருப்பாள். இப்போதும் சரி என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் நேற்று ஒரு நாள் ஓய்வில் உடம்புக்கு ருசி தெரிந்துவிட்டது. அது விடமாட்டேன் என்றது.

"இதைச் சுரண்டித் திரும்ப அடைக்கிற வரைக்கும் இருக்கேன்," என்றாள். "அதுக்கு மேல மாட்டேங்க. என்னால முடியல."

அவர் தலையாட்டினார். சாரத்தில் ஏறாமல் அவளுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, அடி வரிசையிலிருந்து சுரண்ட ஆரம்பித்தார். பொடியாய்ப் போன சாந்துதான், மளமளவென்று எடுத்துவிடலாம். அவர் மெதுவாகவே சுரண்டினார். அவள் அவசரப்படுத்தவில்லை.