வாத்து மெத்தை

கும்மிடிப்பூண்டியில் பென்னியின் வாடகை வீட்டில் காலை உலை கொதிக்கும் முன்பே தையல் மிஷின் ஓடத் தொடங்கிவிடும். சோனியாவின் கைக்குக் கிடைத்த துணி எதுவும் சும்மா கிடக்க முடியாது. கிழிந்த லுங்கி தலையணை உறையாகும். பழைய நைட்டி மகளுக்குக் கவுனாகும். கழற்றிப் போட்ட சட்டையைக்கூடப் பென்னி ஒரு கண் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஒன்றரை வயது மகள் ஏஞ்சலுக்கு அவள் தைத்ததிலேயே அழகானது ஒரு மெத்தை. மேலும் கீழும் பழைய புடவை, நடுவில் கம்பளி மாதிரித் தடித்த வெள்ளைத் துணி. மேல் பக்கத்தில் ஆறு வாத்துகளை வெட்டி வைத்துத் தைத்திருந்தாள். ஐந்து மஞ்சள், ஒன்று சிவப்பு. மஞ்சள் துணி ஐந்து வாத்துக்குத்தான் வந்தது.

அந்தத் தடித்த துணி பென்னி கொண்டுவந்தது. பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் கம்பெனியில் அவன் ஒப்பந்தத் தொழிலாளி. உலைப் புகையின் தூசியை வடிகட்டும் துணிப்பைகளை மாற்றும்போது, கழித்துப் போட்டதில் இரண்டை யாருக்கும் தெரியாமல் கேட்டைத் தாண்டிக் கொண்டுவந்துவிட்டான். ஒன்றை மூன்று முறை சோப்புத்தூள் போட்டு அலசினான். மூன்றாம் முறையும் தண்ணீர் சாம்பல் நிறத்தில்தான் ஓடியது. போதும் என்று காயப்போட்டு, "புதுசு, கட்டிங்ல மிஞ்சினது" என்று மனைவியிடம் கொடுத்தான். அவளும் நம்பினாள்.

இரண்டு மாதம் கழித்து ஏஞ்சலுக்கு வயிற்று வலி வந்தது. பிறகு வாந்தி. இன்று காலை தூக்கினால் தலை தொங்கியது. திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்திருந்தார்கள்.

"அப்பா எங்க வேலை செய்யறீங்க?" டாக்டரம்மா கேட்டார்.

"தேர்வாய் கண்டிகையில, மேடம். அட்டைப்பெட்டி கம்பெனி."

சோனியா திரும்பிப் பார்த்தாள். பென்னி அவள் கையை அழுத்தினான். உண்மையைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும், துணி விஷயம் வெளியே வரும், திருட்டுப் பட்டம் கட்டி வேலையிலிருந்து விரட்டிவிடுவார்கள். அதுதான் அவன் பயம்.

"வீட்ல புதுசா ஏதாவது வந்துச்சா? பெயிண்ட், பொம்மை, நாட்டு மருந்து? யோசிச்சுச் சொல்லுங்க. தெரிஞ்சாதானே வைத்தியம் பண்ண முடியும்?"

"ஒண்ணும் இல்ல மேடம்."

டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போனார்.

"இன்னாத்துக்குய்யா பொய் சொல்ற?" சோனியா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"சும்மா இரு. வேலை பூடும்."

அவளுக்குப் புரியவில்லை. குழந்தை சிணுங்கியதும் பையிலிருந்து வாத்து மெத்தையை எடுத்து விரித்தாள். அது இல்லாமல் ஏஞ்சல் தூங்க மாட்டாள். குழந்தை வழக்கம்போல ஓரத்தை இழுத்துச் சிவப்பு வாத்தை வாயில் வைத்துச் சப்பியது. வாத்தின் அலகு நைந்து, உள்ளே இருந்த தடித்த துணி தெரிந்தது.

பென்னி அதைப் பார்த்துவிட்டான். அந்தப் பைகளைக் கழற்றும்போது மாஸ்க்கும் கையுறையும் போடாமல் அவன் கிட்டேகூடப் போனதில்லை. குளிக்காமல் வீட்டுக்குப் போகாதே என்று கம்பெனியில் தினமும் சொல்வார்கள். பாய்ந்து மெத்தையைப் பிடுங்கினான். ஏஞ்சல் வீறிட்டாள்.

"மேடம்! நான் ஈயக் கம்பெனி மேடம். இதுக்குள்ள இருக்கறது எங்க புகைக்கூண்டு துணி. நான்தான் எடுத்தாந்தேன்."

வார்டே திரும்பிப் பார்த்தது. சோனியா அவனைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் கையாலயே தச்சுக் குடுத்துட்டேனே," என்றாள்.

டாக்டரம்மா ஓடி வந்தார். "இத நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்ல? ரத்தத்துல ஈயம் எவ்வளவுன்னு உடனே பாக்கணும். உங்க ரெண்டு பேருக்கும் எடுக்கணும். பயப்படாதீங்கம்மா, இதுக்கு மருந்து இருக்கு." பென்னி பக்கம் திரும்பினார். "இந்தத் துணி வேற யார் வீட்லயாவது இருக்கா?"

இருந்தது. இரண்டாவது பையை கூட வேலை செய்யும் கூட்டாளி வரதனுக்குக் கொடுத்திருந்தான். உடனே போன் போட்டான்.

"வரதா, அந்தத் துணிய இன்னா பண்ண?"

"தூளிக்குள்ள மெத்தையா போட்டுக்கீறோம். சின்னவன் இப்பக்கூட அதுலதான் தூங்கினுகீறான். ஏன்டா?"

பென்னி நடந்ததைச் சொன்னான்.

"டேய், வெளிய தெரிஞ்சா ரெண்டு பேரு வேலையும் பூடும்டா," என்றான் வரதன்.

கட்டிலில் ஏஞ்சலின் கையில் நர்ஸ் ஊசி ஏற்றிக்கொண்டிருந்தார். அழக்கூடத் தெம்பில்லாமல் குழந்தை வாயை மட்டும் திறந்தது. பென்னி வாய்விட்டு அழுதுவிட்டான்.

"போனா போவட்டும்டா! நம்ம உசுருக்கு மாஸ்க்கும் கிளவுஸும் போட்டுக்கினு, அதே துணிய புள்ளைங்க வாயில வச்சிட்டோம்டா. கம்பெனில வெறுங்கையால தொடக்கூடாதது எதுவும் ஊட்டுக்குள்ள வரக்கூடாது. வந்துட்டா, வேலைக்கு பயந்து மறைக்கவும் கூடாது. பேசினு நிக்காத, மொதல்ல புள்ளய தூளியிலேர்ந்து எடு!"